நரம்பணுக் காப்பு

வீட்டில் 'ஃபிட்ஸ்', ஜூலுவில் 'இசித்துத்வானே', தமிழில் வலிப்பு. அது நீண்டால் மூளையணுக்கள் சாகும். அந்தச் சாவைத் தடுப்பதற்கு ஆய்வாளர் இட்ட பெயர் 'நியூரோபுரொடெக்‌ஷன்'.

'நியூரோன்' கிரேக்கச் சொல். தசைநார், வில்லின் நாண் என்று பழம்பொருள். 1891இல் ஜெர்மன் உடற்கூற்றியலாளர் வால்டேயர் அதை மூளையணுவுக்குச் சூட்டினார். நம் 'நரம்பு'ம் யாழின் தந்தியைக் குறித்த சொல்தான். 'புரொடெக்‌ஷன்' லத்தீன்: முன்னே மூடுவது.

'நரம்புப் பாதுகாப்பு' என்று எழுதுவது போதாது; படிப்பவர் கைகால் நரம்பை நினைப்பார். 'நரம்பணுக் காப்பு' என்பதே சரி. டர்பனில் காவடி எடுப்பவருக்கு மணிக்கட்டில் மஞ்சள் வைத்துக் கட்டுகிறோமே, அந்தக் காப்பு.

வலிப்பு ஓயாதபோது, அணுக்களைக் கிளர்த்தும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவுமீறிச் சுரக்கிறது. அதை வாங்கும் அணுவின் வாயிலான என்எம்டிஏ ஏற்பி திறந்து கால்சியம் உள்ளே பாய, அணு மடிகிறது. இதற்கு ஆய்வாளர் ஜான் ஓல்னி இட்ட பெயர் 'எக்ஸைட்டோடாக்ஸிசிட்டி'. கிளர்வு நச்சுமை எனலாம். முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று, நினைவுக்கு உதவும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸ்.

எலியில் இதைப் பார்க்கும் வழக்கமான முறை: லித்தியம் குளோரைடு, கிலோவுக்கு 127 மி.கி.; மறுநாள் வலிப்பைக் கிளப்பும் பைலோகார்பின் 30 மி.கி. அதற்கு அரைமணி முன் மெத்தில்ஸ்கோபோலமின் 1 மி.கி. கொடுப்பார்கள், இல்லாவிட்டால் எச்சில் கொட்டி, மூச்சு முட்டி, எலி வலிப்புக்கு முன்பே தளர்ந்துவிடும். ஒரு மணி நேரம் போனபின் டயஸெபாம் கொடுத்து வலிப்பை அடக்குவார்கள். சில நாள் கழித்து மூளையைச் சீவி நரம்பணுவைக் காட்டும் நிஸ்ல் சாயம் ஏற்றினால், ஊதா நிறத்தில் நெருக்கமாக ஓடவேண்டிய சிஏ1 என்ற ஹிப்போகாம்பஸ் அணுவரிசை பூச்சி அரித்த சேலைக் கரைபோல விட்டுவிட்டுத் தெரியும்.

'காப்பு' என்ற சொல் பெரும்பாலும் தவறாகப் பயன்படுவது இதற்குப் பிறகுதான். சோதிக்கும் மருந்தை வலிப்புக்கு முன்பே கொடுத்து, அணுக்கள் பிழைத்ததும் 'காப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். வலிப்பே குறைந்திருந்தால் அது வலிப்படக்கம், காப்பு அல்ல. மூளை மின்வரைவில் மருந்து பெற்றவை, பெறாதவை என்ற இரு கூட்டத்து எலிகளுக்கும் வலிப்பு ஒரே வீச்சில், ஒரே நேரம் ஓடியதென்று காட்டவேண்டும். உடல் வெப்பத்தையும் அளக்கவேண்டும்: என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் எம்கே-801 போன்ற மருந்து விலங்கின் உடலைக் குளிரச் செய்யக்கூடும், குளிர்ச்சியே அணுவைக் காக்கும். சி57பிஎல்/6 என்ற ஆய்வக வகைச் சுண்டெலியில், வலிப்பூட்டும் இன்னொரு பொருளான கைனிக் அமிலம் கடும் வலிப்பைத் தந்தும் அணுக்கள் அதிகம் சாவதில்லை. அங்கே மருந்துக்குப் புகழ் சேர்ப்பது வீண். மூன்றாம் நாள் மட்டும் எண்ணினால் சாவு தள்ளிப்போனதா, நின்றதா என்று தெரியாது. சில வாரம் கழித்தும் எண்ணவேண்டும்.

காவடிக்காரருக்குக் காப்பு முன்னமே கட்டலாம். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருவதோ வலிப்பு தொடங்கிய பிறகு. ஆகவே மருந்து கொடுத்த நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள்: 'வலிப்புக்குப் பிந்திய நரம்பணுக் காப்பு', 'வலிப்புக்கு முந்திய நரம்பணுக் காப்பு'.