பீரோ, சுனாமி, சான் ஆண்ட்ரியாஸ்

2015-ல் வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்' படத்தில், கலிஃபோர்னியாவின் நிலம் இரண்டாகப் பிளந்து பாதாளம் போல வாய் திறந்து கிடக்கும். அப்புறம் கோல்டன் கேட் பாலத்தையே விழுங்குகிற உயரத்தில் ஒரு சுனாமி எழும்பும். கதாநாயகன் சின்னப் படகில் அந்த அலையின் முதுகில் ஏறி, உச்சியைத் தாண்டித் தப்பிப்பார்.

முதலில் அந்தப் பிளவு. கனமான பீரோ ஒன்றைத் தள்ளிப் பாருங்கள். முதலில் அசையாது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினால், சட்டென்று ஒரு சாண் நகர்ந்து நிற்கும். தரையே அதிரும். நிலநடுக்கமும் இதுதான். பூமிக்கடியில் இரண்டு பாறைப் பக்கங்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பல ஆண்டுகள் சேர்ந்த அழுத்தத்தில் பிடி நழுவுகிறது. பக்கங்கள் விலகிப் பள்ளம் விழுந்துவிட்டால் உராய்வு ஏது? உராய்வு இல்லை என்றால் நடுக்கமே வராது. படத்தில் வருகிற பாதாளம், அந்தப் படத்தின் நிலநடுக்கத்தையே ரத்து செய்துவிடுகிறது!

1906 சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு எடுத்த புகைப்படங்களில் நிஜத்தைப் பார்க்கலாம். நேராக ஓடிய பண்ணை வேலி நடுவில் அறுந்து, ஒரு துண்டு அப்படியே பக்கவாட்டில் பல அடி தள்ளி நிற்கிறது. அதிகபட்ச நகர்வு சுமார் 6 மீட்டர். நடுவே பாதாளம் எதுவும் இல்லை. அந்த நிலநடுக்கத்தின் அளவு 7.9. இதுவரை உலகில் பதிவானதிலேயே பெரியது 1960-ல் சிலியில் வந்த 9.5. படக்காரர்கள் அதையும் தாண்டி 9.6 வைத்துவிட்டார்கள். தாராள மனசு.

சரி, அலைக்கு வருவோம். சுனாமி கிளம்ப வேண்டுமானால், பொதுவாகக் கடலடித் தரை மேலே எழவோ கீழே இறங்கவோ வேண்டும். அப்போதுதான் அதன் மேல் நிற்கும் மொத்தத் தண்ணீரும் தூக்கிவிடப்படும். படத்துக்குப் பெயர் கொடுத்த சான் ஆண்ட்ரியாஸ் பிளவு, அதாவது கலிஃபோர்னியாவில் இரண்டு பாறைப் பக்கங்கள் உரசிக்கொள்ளும் கோடு, பெரும்பாலும் நிலத்தில் ஓடுகிறது, நகர்வதும் பக்கவாட்டில். தண்ணீரைத் தூக்க அதற்கு வழியில்லை. 2004 டிசம்பர் 26-ல் சுமத்ராவுக்கு அருகே நடந்தது வேறு. அங்கே பூமியின் மேலோட்டுப் பாறைத் தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் செருகிக்கொண்டு போகிறது. சிக்கியிருந்த மேல்தட்டு விடுபட்டுத் துள்ளியதில் கடலடித் தரை சில மீட்டர் உயர்ந்தது.

அந்தச் சுனாமி கிளம்பிச் சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு செயற்கைக்கோள் அதை நடுக்கடலில் அளந்தது. உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். மேசை உயரம்கூட இல்லை! ஆனால் முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு அது காலடியில் கடந்துபோனதே தெரியவில்லை. 4,000 மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர், விமானத்துக்குப் பக்கத்தில். கரைக்கு அருகே, 10 மீட்டர் ஆழத்தில், அது 36 கிலோமீட்டராகக் குறைகிறது. முன்னால் இருப்பது மெதுவாகிவிட, பின்னால் வருவது வந்து முட்ட, தண்ணீர் குவிந்து உயர்கிறது.

சினிமா கோட்டை விடுவது இங்கேதான். அதற்கு அலையின் உயரம்தான் முக்கியம். ஆளைக் கொல்வதோ அலையின் நீளம். மெரினாவில் நாம் பார்க்கிற அலை சில நொடிகளில் வந்து திரும்பிவிடும். சுனாமி அலை ஒன்று 10 நிமிடம், அரை மணி நேரம் என்று வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அன்று பார்த்தவர்கள் 'பெரிய அலை வந்தது' என்பதைவிட 'கடல் ஊருக்குள் வந்துவிட்டது' என்றார்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். அதோடு சேறு, கட்டுமரம், கார், கூரைத் தகடு எல்லாம் உருண்டு வரும். 2012-ல் வந்த 'தி இம்பாசிபிள்' இதைச் சரியாகக் காட்டியது: பழுப்பு நிறத் தண்ணீர், அதற்குள் கிழிக்கிற பொருட்கள்.

கடல் முதலில் உள்வாங்கும் என்பதும் பாதி உண்மைதான். 2004-ல் தாய்லாந்துப் பக்கம் கடலடித் தரை தாழ்ந்ததால் அங்கே கடல் முதலில் பின்வாங்கியது. நம் பக்கம் முதலில் வந்ததே ஏற்றம். கடல் உள்வாங்கட்டும் என்று காத்திருந்தால் மோசம் போவோம்.

ஆனால் படக்காரர்களை முழுக்கக் கேலி செய்யவும் முடியாது. 2018-ல் இந்தோனேசியாவின் பாலுவில் பக்கவாட்டு நகர்வுள்ள பிளவே சுனாமியைக் கொண்டுவந்து விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தது. 1958 ஜூலையில் அலாஸ்காவின் லிடுயா விரிகுடாவிலும் அதே வகைப் பிளவுதான் குலுங்கியது. அந்தக் குலுக்கலில் மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து குறுகிய நீரில் விழ, எதிர்க்கரையில் தண்ணீர் 524 மீட்டர் உயரம் வரை ஏறி மரங்களை வழித்தெடுத்தது. அப்போது விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த மீன்பிடிப் படகு ஒன்றில் ஓர் அப்பாவும் 7 வயது மகனும் இருந்தார்கள். அலை தூக்கியதில் நங்கூரச் சங்கிலி அறுந்தது. படகு அலையின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கியது. இருவரும் பிழைத்தார்கள்.