ஐப்பசி வந்தால் படுத்துக்கொள்கிறவர்கள்

“நல்லாத் துன்றா சார், நல்லாத் தூங்குறா. இதுக்குப் பேரு சீக்கா?”

குடியாத்தம் பக்கத்திலிருந்து மருமகளை மனநல மருத்துவனான என்னிடம் கூட்டிவந்த மாமியார் கேட்டது இது. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) மருமகள் பீடி சுற்றுபவர். ஐப்பசி மழை பிடித்ததும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலையை வெட்டாமலே உட்கார்ந்திருப்பாராம். விடிந்து வெகுநேரமாகியும் எழுந்திருக்க முடியாது. சோறு, பன், பிஸ்கட் என்று கை போய்க்கொண்டே இருக்கும். தை பிறந்தால் தானாகத் தெளிந்துவிடும். மூன்று வருஷமாக இதே கதை. வீட்டில் இதற்கு வைத்த பெயர் சோம்பேறித்தனம்.

மாமியார் குறையாகச் சொன்ன அந்த இரண்டும்தான் எனக்குத் துப்பு. மனச்சோர்வு என்றால் தூக்கமும் பசியும் போய்விடும் என்றே பலரும் நினைக்கிறோம். மழை, குளிர் மாதங்களில் வரும் வகையில் பெரும்பாலும் தலைகீழ்: தூக்கம் கூடும், மாவுப் பண்டத்தின் மேல் ஆசை கூடும், எடை ஏறும். 1984இல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் உடன் பணியாற்றியவர்களும் இதைப் ‘பருவகால மனச்சோர்வு’ (Seasonal Affective Disorder) என்று பெயரிட்டு விவரித்து எழுதினார்கள்.

“அது குளிர்நாட்டுச் சங்கதியாச்சே” என்பீர்கள். நியாயம்தான். டிசம்பரில் ஸ்டாக்ஹோமுக்குப் பகல் 6 மணி நேரம், வேலூருக்கு 11 மணி நேரத்துக்கு மேல். ஆனால் அடைமழையில் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் கிடப்பவருக்குப் பகல் நீளமாக இருந்து என்ன? அங்கே ட்யூப் லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தேறினால் அதிகம். மந்தாரமான பகலில்கூட வாசலில் ஆயிரக்கணக்கில் இருக்கும். காலையில் கண்ணில் படும் வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தைத் தினமும் திருத்தி வைக்கிறது.

ஒன்றைக் கேட்காமல் இந்தப் பெயரை நான் யாருக்கும் ஒட்டுவதில்லை: மழையில் வேலை நின்றதா? குழித்தறியில் ஈரம் ஏறி, பாவு காயாமல், கூலி இல்லாமல் உட்காரும் நெசவாளியின் துக்கம் வேறு. இந்த மருமகளுக்கு இலையும் தூளும் வந்துகொண்டுதான் இருந்தன, கைதான் ஓடவில்லை. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே வேஷம் போடும், அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை. (நம்மூர்க் கத்திரி வெயிலில் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எல்லார் மேலும் எரிந்து விழுகிறவர்களும் உண்டு. கோடையில் வரும் வகை அது.)

மழை, குளிர்கால வகைக்கு வெளிநாடுகளில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் காலையில் அரைமணி நேரம் உட்காரவைப்பார்கள். ஆன்லைனில் வாங்கி நீங்களே ஆரம்பித்துவிடாதீர்கள். இருதுருவக் கோளாறு (மனம் மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ளவரை அது தாறுமாறாகக் கிளப்பிவிடலாம். மருமகளுக்கு மாத்திரை எழுதினேன். கூடவே, ஆறரைக்கு எழுந்து முறத்தோடு திண்ணைக்கு வந்துவிட வேண்டும், சாரல் அடிக்காத ஓரமாக. மாமியாருக்கும் ஒரு பத்தியம்: தை வரை ‘சோம்பேறி’ என்ற சொல் வாயில் வரக்கூடாது.

சாவைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் தை வரை காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மறுவருஷம் புரட்டாசியிலேயே இருவரும் வந்து நின்றார்கள். “மழைக்கு முந்தியே கூட்டியாந்துட்டேன் சார்.”