மைக்ரோபர்ஸ்ட்: குறுவீழ்காற்று

மழையில் தரையிறங்க வந்த விமானம் நொறுங்கினால், ‘மோசமான வானிலையே காரணம்’ என்று செய்தியில் ஒரு வரி வரும். மழையா, மூடுபனியா, வழுக்கும் ஓடுபாதையா, காற்றா என்று அந்த வரி சொல்லாது. காற்று என்றால் அதிலும் ஒரு வகைக்குத் தனிப்பெயர் உண்டு: மைக்ரோபர்ஸ்ட். அதைத் தமிழில் சொல்லவந்தால் ‘நுண்வெடிப்பு’ என்றுதான் சட்டென்று வாயில் வரும். அந்தச் சொல்லைக் கேட்பவர் எதையோ வெடிகுண்டு என்று நினைப்பாரே தவிர, காற்று என்று நினைக்க வழியில்லை.

நடப்பது இதுதான். இடிமேகத்தின் மழைத்துளிகள் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து கனக்கிறது. மழையின் பாரமும் சேர, அந்தக் காற்று தூண்போல நேரே கீழே விழுகிறது. ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தால் நாலாபுறமும் சிதறி ஓடுமே, அதுபோலத் தரையில் மோதிப் பரவுகிறது. அகலம் 4 கிலோமீட்டருக்குள்தான். சில நிமிடங்களில் ஓய்ந்தும் விடும்.

தரையிறங்கும் விமானம் இதற்குள் நுழைந்தால் முதலில் கிடைப்பது எதிர்க்காற்று. விமானம் எழும்பும். பாதையை விட்டு மேலே போகிறோமே என்று விமானி எஞ்சின் விசையைக் குறைக்கக்கூடும். உடனே மேலிருந்து காற்று அழுத்தும். அப்புறம் அதே காற்று பின்காற்றாக மாற, இறக்கைகளைத் தாங்கிய வேகம் கரைந்துவிடும். ஜெட் எஞ்சின் மறுபடி முழு விசைக்கு வரச் சில நொடிகள் பிடிக்கும். தரைக்குச் சில நூறு அடி உயரத்தில் அந்த நொடிகள் கையில் இருப்பதில்லை.

1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் இப்படித்தான் ஆனது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஈஸ்டர்ன் 66, ஒரு போயிங் 727, இடிமழைக்குள் இறங்கி, ஓடுபாதைக்கு முன்னால் இருந்த விளக்குக் கம்பங்களில் மோதியது. 124 பேரில் 113 பேர் இறந்தனர். சில நிமிடங்களுக்கு முன் அதே ஓடுபாதைக்கு வந்த இன்னொரு விமானம், காற்றுக்கு ஈடுகொடுக்க முடியாமல் தரையிறங்குவதையே கைவிட்டு மேலேறிப் போயிருந்தது.

இந்த விபத்தை ஆராய்ந்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வானிலை ஆய்வாளர் டெட்சுயா ஃபுஜிட்டா. அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் சேதத்தின் வடிவத்தை இளவயதிலேயே நேரில் போய் ஆராய்ந்தவர் அவர். 1974-இல் அமெரிக்கச் சுழற்காற்றுகளின் சேதத்தை வானிலிருந்து பார்த்தபோது, ஓரிடத்தில் மரங்கள் சுழன்று விழாமல், ஒரு மையத்திலிருந்து நட்சத்திரக் கதிர்போல வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்தன. குண்டு விழுந்த ஊர்களில் பார்த்த அதே வடிவம். ‘பர்ஸ்ட்’ என்ற சொல்லை அவர் எடுத்த இடத்தை இதிலிருந்து ஊகிக்கலாம். மேலிருந்து விழுந்து சிதறும் இந்தக் காற்றை முதலில் டவுன்பர்ஸ்ட் என்றார். பிறகு அளவை வைத்து மைக்ரோபர்ஸ்ட், மேக்ரோபர்ஸ்ட் என்று பிரித்தார். அப்படி ஒன்று இருக்கிறதா என்றே வானிலையாளர் பலர் சந்தேகப்பட்டார்கள். 1985-இல் டல்லஸில் டெல்டா 191 விமானம் இதே காற்றில் சிக்கி விழுந்து 137 பேர் இறந்த பிறகு, காற்றின் போக்கை அளக்கும் டாப்ளர் ரேடார்கள் விமான நிலையங்களுக்கென்றே வந்தன.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கீழ்க்காற்று’ எனலாமா? கூடாது. கீழ் என்றால் கிழக்கும்தான். கீழ்க்காற்று என்பது கொண்டலுக்கு ஏற்கெனவே உள்ள பெயர். ‘மேகவெடிப்பு’ கொட்டும் மழைக்கு ஆகிவிட்டது. எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘வீழ்காற்று’. கரைசலின் அடியில் விழுந்து தங்குவதை வேதியியல் பாடநூல் ‘வீழ்படிவு’ என்கிறதே, அதே வினைத்தொகை. டவுன்பர்ஸ்டுக்கு இது போதும். மைக்ரோவுக்கு ‘நுண்’ வேண்டாம். நுண்ணுயிரி, நுண்ணோக்கி என்று கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு அது பழகிவிட்டது. 4 கிலோமீட்டர் அப்படிப்பட்ட அளவல்ல. குறுவீழ்காற்று, பெருவீழ்காற்று என்றால் ஃபுஜிட்டா பிரித்த இரண்டும் வந்துவிடுகின்றன.

‘தரையிறங்கும்போது குறுவீழ்காற்றில் சிக்கிய விமானம்’ என்று எழுதினால், காற்று மேலிருந்து விழுந்தது என்பதாவது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.