யாரும் பார்க்காதபோது எவ்வளவு கொடுப்போம்?

உங்கள் கையில் 10 டாலர் கொடுக்கிறார்கள். இன்னோர் அறையில் முகம் தெரியாத ஒருவர் இருக்கிறார். அவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம். கேள்வி கேட்கவோ மறுக்கவோ அவரால் முடியாது. இதற்கு ‘டிக்டேட்டர் கேம்’ என்று பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய சோதனைகளைக் கிறிஸ்டோஃப் எங்கெல் 2011இல் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார். சராசரியாக 28 சதவீதப் பணம் கைமாறியிருந்தது.

இது ஈகையா, நல்ல பெயர் மீதுள்ள ஆசையா? இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறிய ஒரு வழி உண்டு: பார்க்கும் கண்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும்.

பெறுபவருக்குக் கொடுப்பவர் யாரென்று தெரியாவிட்டாலும், சோதனை நடத்துபவருக்குத் தெரியுமே! எலிசபெத் ஹாஃப்மன், வெர்னன் ஸ்மித் குழுவினர் 1994இல் அந்தக் கண்ணையும் மறைத்தார்கள். பெரும்பாலான உறைகளில் பத்து ஒரு டாலர் நோட்டுகளும் அதே அளவில் பத்து வெற்றுத் தாள்களும் இருந்தன. சிலவற்றில் வெற்றுத் தாள்கள் மட்டுமே. மறைவிடத்தில் உறையைத் திறந்து, நோட்டோ தாளோ, மொத்தம் பத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். எதை எடுத்தாலும் உறையின் கனம் ஒன்றுதான். வெற்றுத் தாள்களோடு மட்டும் திரும்பி வந்த உறையில் முதலிலேயே பணம் இல்லாமல் இருந்திருக்கலாம் என்பதால் யாரையும் சந்தேகிக்கவும் முடியாது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் எதுவும் கொடுக்கவில்லை.

ஜேசன் டானா குழுவினர் 2006இல் வேறொரு வாசலைத் திறந்து வைத்தார்கள். 10 டாலரைப் பங்கிடலாம். அல்லது 9 டாலரை வாங்கிக்கொண்டு விலகலாம், அப்போது இப்படியொரு பங்கீடு இருந்ததே மற்றவருக்குத் தெரியவராது. பணமே குறி என்றால் பத்தையும் வைத்துக்கொள்ளலாம். கொடுப்பதே குறி என்றால் ஒன்பதை வைத்துக்கொண்டு ஒன்றைக் கொடுக்கலாம். ஆனாலும் கால்வாசிக்கும் மேற்பட்டோர் விலகிக்கொண்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று பெறுபவருக்கு எப்படியும் தெரியாது என்றானதும், விலகியவர் 24 பேரில் ஒருவர் மட்டுமே. அந்த ஒரு டாலர், நம்மைப் பற்றி ஒருவர் தவறாக நினைத்துவிடாமல் இருக்கக் கொடுத்த விலை.

கடைசிக் கண் நம்முடையது. தனக்கு 6 டாலர், மற்றவருக்கு 1. அல்லது இருவருக்கும் ஐந்தைந்து என்றபோது 74 சதவீதத்தினர் சமபங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். டானா வேறு சகாக்களுடன் 2007இல் நடத்திய இந்த ஆய்வில், இன்னொரு பிரிவினருக்கு மற்றவரின் பங்கை மட்டும் மறைத்தார்கள். பொத்தானை அழுத்தினால் இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம். 44 சதவீதத்தினர் அழுத்தவே இல்லை. தெரியாதவரை நாம் நல்லவர்களாகவே இருக்கலாம் அல்லவா?

இவ்வகை ஆய்வுகளில் அவசர முடிவுகள் ஆபத்தானவை. 2006இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் தேநீர் அறையில், குடித்ததற்குத் தாமே காசு போடும் உண்டியலுக்கு மேலே கண்களின் படத்தை ஒட்டியபோது, பூப்படம் இருந்த வாரங்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பணம் சேர்ந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு அலசலிலோ, படக் கண்கள் ஈகையைக் கூட்டியதற்குச் சான்று கிடைக்கவில்லை. கேட்பதற்குச் சுவையான முடிவு என்பதாலேயே அந்தச் சுவரொட்டிக் கதை இன்னும் பரவுகிறது.

ஹாஃப்மனின் மறைவிடத்திலும் மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ கொடுத்தார்கள். அது அன்பா, தன் கண்ணில் தான் தாழ்ந்துவிடாதிருக்கும் முயற்சியா என்பதை எந்த உறையாலும் பிரித்துக்காட்ட முடியவில்லை.