மொட்டை மாடியில் தாவும் தம்பிகளுக்கு ஒரு எடிட்டர் சொல்வது

இந்த மாதமும் ஒரு பையன். பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குத் தாவும்போது கைப்பிடிச் சுவரில் கால் இடறி விழுந்து, குதிகால் எலும்பு நொறுங்கி, கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறான். ரீல்ஸுக்காம். "நீங்க சினிமாக்காரங்கதானே சார் இதையெல்லாம் காட்டறீங்க" என்று அவன் அப்பா போனில் கேட்டார். நியாயம்தான். சண்டைக் காட்சிகளை வெட்டி ஒட்டுவதுதான் என் பிழைப்பு, அதனால் அந்தத் தாவல் என் மேஜைக்கு எப்படி வந்து சேர்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன்.

மூன்று துண்டாக வரும். முதல் துண்டில் ஹீரோ ஓடிவந்து மாடி விளிம்பில் எம்புகிறார், நாலடி கீழே மெத்தை. இரண்டாவதில் டூப், இடுப்பில் கயிறு, மேலே கிரேன், கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி ஐந்தாறு ஃபைட்டர்கள். கேமரா தரையிலிருந்து அண்ணாந்து பார்ப்பதால் முகம் தெரியாது. மூன்றாவதில் ஹீரோ ஒரு ஸ்டூலிலிருந்து குதிக்கிறார், ஃப்ரேமில் ஷூவும் தூசியும் மட்டும். கயிற்றை கிராஃபிக்ஸில் அழித்து, உடம்பு அசைகிற இடமாகப் பார்த்து வெட்டி ஒட்டி, 'தட்' என்று ஒரு சத்தம் சேர்த்தால் முடிந்தது. அவர் முழுதாகத் தாண்டியதாகக் கணக்குப் போட்டுக்கொள்வது பார்க்கிறவர் கண்தான்.

குத்து முகத்தில் படுவதில்லை என்பது இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், விடுங்கள். எனக்கு எரிச்சல் வருவது ரசிகர்கள் ஹீரோவைப் பற்றிச் சொல்லும் வேறு ஒன்றில். "அவர் டூப்பே போடல சார், அதுவும் கட் இல்லாம ஒரே ஷாட்." டூப் போடவில்லை என்றால் முகம் அவருடையது, அவ்வளவுதான்! கயிறு இருந்தது, மெத்தை இருந்தது, ஃபைட் மாஸ்டர் நாள் கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தார். ஒரே ஷாட்டா? கேமரா ஒரு தூணைக் கடக்கும் இடம், யாருடைய முதுகோ லென்ஸை மறைக்கும் இடம், சட்டென்று திரும்பிப் படம் கலங்கும் இடம், அங்கெல்லாம் ஒட்டுப் போட்டிருப்போம், போனில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நிஜமாகவே தானே செய்பவர்களும் உண்டு. டாம் குரூஸ் 2017-ல் லண்டனில் கட்டடம் விட்டுக் கட்டடம் தாவிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார், அதுவும் உடம்பில் கயிறு கட்டியிருந்தபோதே. படப்பிடிப்பு வாரக்கணக்கில் நின்றது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த படப்பிடிப்பில், கார் ஸ்டண்ட் செய்த அனுபவசாலிக் கலைஞர் ஒருவர் உயிரையே விட்டார். நீங்கள் போனை நண்பன் கையில் கொடுத்துவிட்டுத் தாவுகிறீர்கள்.

குறும்படம், ரீல்ஸ் எடுப்பவர்களே, வேகம் வேண்டுமென்றால் பைக்கை மெதுவாக ஓட்டி, கேமராவைத் தரையோரமாக, அகலமான லென்ஸில் வையுங்கள். இன்னும் வேண்டுமென்றால் நொடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதில் 22-ல் எடுத்து 24-ல் ஓட்டுங்கள், போதும். நிஜ பாட்டிலைத் தலையில் உடைக்காதீர்கள், செட்டில் உடைவது அதற்கென்றே பிசினில் வார்த்தது. ட்யூப்லைட்டை உடைப்பது வேண்டவே வேண்டாம். தாவல் இல்லாமல் கதை நகராது என்றால் தயவுசெய்து ஸ்டூலிலிருந்து குதியுங்கள், மீதியை எடிட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், கூட இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. உயரத்திலிருந்து விழுந்தவனைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள், முதுகெலும்பில் அடி பட்டிருக்கலாம். அசைக்காமல் விட்டு, முதலில் வீடியோவை நிறுத்திவிட்டு அதே போனில் 108-ஐக் கூப்பிடுங்கள்.