அந்தரத்தில் மூன்று ரூபிக் கியூப்: வேகம் விரலில் இல்லை

கலைத்துப்போட்ட மூன்று ரூபிக் கியூப்களை ஜக்ளிங் செய்துகொண்டே மூன்றையும் சரிசெய்து முடிக்க வேண்டும். 2018இல் சீனச் சிறுவர் ஒருவர் ஐந்து நிமிடங்களுக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு இதைச் செய்து காட்டினார். பார்ப்பவர் கண் விரல்வேகத்தின் மேல் போகும். ஆனால் கடிகாரத்தைத் தீர்மானிப்பது, கியூப் கையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதுதான்.

தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன் ஜக்ளிங்குக்கும் ஒரு தேற்றம் தந்திருக்கிறார். இரண்டு கை, மூன்று பொருள் என்று வைத்தால் அது இப்படிச் சுருங்கும்: கையில் தங்கும் நேரம் = பறக்கும் நேரத்தின் இரு மடங்கு − கை காலியாக இருக்கும் நேரத்தின் மும்மடங்கு. 1 மீட்டர் உயரம் வீசினால் கியூப் சுமார் 0.9 விநாடி பறக்கும். கை 0.2 விநாடி காலியாக இருந்தால், ஒவ்வொரு பிடியிலும் 1.2 விநாடி கிடைக்கும்.

அதாவது ஒரே கியூப் 2.1 விநாடிக்கு ஒருமுறை ஏதோ ஒரு கைக்கு வரும். ஒரு கியூபுக்கு ஏறத்தாழ 60 திருப்பு. ஒன்றை முடித்த பின்பே அடுத்ததைத் தொடுவது, பிடிக்கு ஒரு திருப்பு என்றால் மூன்றுக்கும் 6 நிமிடம் 18 விநாடி. பிடிக்கு இரண்டு என்றால் 3 நிமிடம் 9 விநாடி. பயிற்சி முழுவதும் இந்த ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் பாதைதான்.

இன்னும் உயரமாக வீசினால் என்ன? 1.76 மீட்டருக்கு 1.2 விநாடி பறக்கும், கையில் 1.8 விநாடி தங்கும், பிடிக்கு மூன்று திருப்பு போடலாம். ஆனால் சுற்று 3 விநாடியாக நீண்டுவிடுவதால் லாபம் வெறும் ஐந்து சதவீதம். நஷ்டம் பெரிது. வீச்சு ஒரு டிகிரி சாய்ந்தால் 1 மீட்டர் உயரத்தில் கியூப் 7 செ.மீ. தள்ளி விழும், 1.76 மீட்டரில் 12 செ.மீ. கியூபின் அகலமே 5.6 செ.மீ.தான். எனவே உயரத்தைக் கூட்டாமல், கை காலியாக இருக்கும் நேரத்தைக் குறைப்பதே புத்திசாலித்தனம். 0.2 விநாடியை 0.1 ஆக்கினால் பிடிக்கு 0.3 விநாடி கூடுதலாகக் கிடைக்கும். ஒன்றை வீசிய மறுகணம் அடுத்தது உள்ளங்கைக்கு வந்துவிட வேண்டும்.

முதலில் ஒற்றைக் கையால் கியூபை முடிக்கப் பழக வேண்டும், இரண்டு கைகளாலும் தனித்தனியே. இடது கை பிடித்திருக்கும்போது விரல் எட்டுவது வலது அடுக்கும் மேல் அடுக்கும். வலது கைக்குப் போனால் வலது அடுக்குக்குப் பதிலாக இடது அடுக்குதான் எட்டும். பாதியில் நின்ற சூத்திரம் (மனப்பாடமாகப் போடும் திருப்பு வரிசை) மறு கையில் வேறு விரலசைவு கேட்கும். அதனால் ஒவ்வொரு சூத்திரத்தையும் இரண்டிரண்டு திருப்புத் துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டில் நிறுத்தினோம் என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது.

அடுத்து, திருப்பாமல் வெறும் ஜக்ளிங். கியூப் காற்றில் சுழலவே கூடாது: மேலே போன முகம் மேலேயே இருக்கும்படி இறங்க வேண்டும். சுழன்றால் நிறங்களைத் தேடுவதிலேயே பிடிநேரம் தீர்ந்துபோகும். பிறகு ஒரு கியூபை மட்டும் கலைத்து, மற்ற இரண்டையும் அப்படியே வைத்து, பிடிக்கு ஒரு திருப்பு. அது உறுதியான பின்பே இரண்டு. உச்சியில் இருக்கும் கியூபைக் கண் ஓரப்பார்வையால் கவனிக்க, நேர்ப்பார்வை கையிலிருப்பதன் மேல் நிற்க வேண்டும்.

கருவியிலும் கவனம் தேவை. கியூபுக்குள் அடுக்குகளைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தால் ஒற்றை விரலுக்கு அடுக்கு நகராது. தளர்ந்தால் பிடிக்கும் அதிர்ச்சியிலேயே அடுக்கு விலகும். காந்தம் பதித்த கியூப், திருப்பின் கடைசிச் சில டிகிரிகளைத் தானே இழுத்து நேராக்கும். அரைகுறையாகத் திருப்பி வீசினால், பிடிக்கும்போது துண்டு தெறித்து வெளியே வரலாம். அதைவிட மோசமானது, ஒரு மூலைத்துண்டு இருந்த இடத்திலேயே முறுகிக்கொள்வது. தனியாக ஒரு மூலை முறுகிய கியூபை எந்தத் திருப்பாலும் முடிக்க முடியாது. பெரும்பாலும் அது கடைசி அடுக்கு வரை கண்ணுக்குப் படாது. விரல்நுனியால் மூலையைக் கவ்விப் பிடிப்பதே இதற்கு முக்கியக் காரணம். விரிந்த உள்ளங்கையில் தட்டையாக வாங்கி, கையைச் சற்றே கீழிறக்கி அதிர்ச்சியை உள்வாங்கினால் மூலை முறுகுவது வெகுவாகக் குறையும்.