"நல்லா டைட்டா வெச்சிருக்கேண்ணே"

இந்த மாதத்தில் இப்படிக் கெட்டு வந்த மூன்றாவது கிராங்க் இது. பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் இன்ஜின் தண்டுதான் கிராங்க். இன்ஜின் வேலை முடிந்து பதினோரு நாள்தான் ஓடியதாம். லாரிக்காரர் வயிறெரிந்து கொண்டுவந்து இறக்கினார். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கம்பிதான் கன்ராடு. மூன்றாவது கன்ராடின் பேரிங் கருகி, ஜர்னலில், அதாவது பேரிங் உட்காரும் கிராங்கின் உருளைப் பகுதியில், அப்பிக் கிடந்தது. வேலை செய்த தம்பியைப் போனில் பிடித்தேன். "நல்லா டைட்டா வெச்சிருக்கேண்ணே, லூசே இல்லை" என்றார் பெருமையாக. வியாதியே அதுதான் தம்பி!

ஜர்னல் ஸ்டாண்டர்டு 65 மி.மீ. கிரைண்டிங்கில் 0.50 எடுத்து 64.50க்கு வந்திருக்க வேண்டும். கெடாத மற்ற மூன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்தேன். மூன்றும் 64.53. ரசீதில் எழுதியிருந்த 0.50ஐ நம்பி அதே அளவு பேரிங்கைப் போட்டுவிட்டார். ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவே 0.06 இருக்க வேண்டிய ஆயில் இடைவெளி 0.03 ஆகிவிட்டது. தலைமுடியில் பாதி கனம்.

டைட் என்றால் பலம் என்பது போல்ட்டுக்குச் சரி. பேரிங்குக்கு இல்லை. கிராங்கைத் தாங்குவது ஆயில். சூட்டை வாரிக்கொண்டு போவதும் அதுவே. இடைவெளியைக் குறைத்தால் ஆயில் ஓட்டம் குறையும், ஆனால் மீட்டரில் பிரஷர் ஏறி நிற்கும். அதைப் பார்த்து டிரைவர் மனம் குளிர்ந்துபோவார். பாதி அடைத்த குழாயிலும்தான் பிரஷர் ஏறுகிறது, தண்ணீர் வருகிறதா? கையால் சுற்றிப் பார்த்து "கனமா இருக்கு, சூப்பர்" என்பதெல்லாம் அளவு ஆகாது. இடைவெளி ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது வாய்க்கணக்கு. இன்ஜின் மேனுவலில் உள்ளதே கடைசி வார்த்தை.

இதற்கு நேர் எதிர் கூட்டமும் உண்டு. லூசாக இருந்தால் பேரிங் முதுகில் சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளைச் செருகுவது, பேரிங்கை மூடிப் பிடிக்கும் கேப் என்ற மூடியை அரத்தால் ராவுவது. தயவுசெய்து வேண்டாம். பேரிங் முதுகு இரும்போடு ஒட்டி உட்கார்ந்தால்தான் சூடு இறங்கும். அங்கே தாளும் கூடாது, தூசியும் கூடாது, ஆயிலும் கூடாது. பழைய ஈயப் பேரிங் காலத்து ஆசாரிகள் சுரண்டிப் பொருத்தினார்கள், சரி. இன்றைய மூன்றடுக்குப் பேரிங்கின் மேல்பூச்சே சுமார் 0.02 மி.மீ.தான். எமரித் தாள் போட்டுத் தேய்த்தால் அதுவும் போச்சு.

கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்கை நீங்களே அளங்கள். ஒவ்வொரு ஜர்னலிலும் இரண்டு இடம், குறுக்கும் நெடுக்கும். பேரிங்கைப் போட்டு, கேப் போல்ட்டை மேனுவல் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கி, உள்விட்டத்தை போர் கேஜில் பாருங்கள். இரண்டு பாதி சேரும் இடத்தில் அளக்காதீர்கள். அங்கே வேண்டுமென்றே மெலிதாகத்தான் செய்திருப்பார்கள். பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளியைச் சொல்லும் இழை) வைத்துப் பார்ப்பவர்கள் இழை உள்ளே இருக்கும்போது கிராங்கைச் சுற்றித் தொலைக்காதீர்கள். அப்புறம், கிராங்கை இன்ஜின் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கில் ஆயில் ஓட்டை உள்ள பாதி எந்தப் பக்கம் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், மாற்றிப் போட்டதையும் கழற்றியிருக்கிறேன்.

அந்தக் கிராங்கில் விரிசல் இல்லை என்று சோதித்த பிறகு 0.75க்கு கிரைண்டிங் போட்டோம். எல்லா ஜர்னல் அளவையும் ஒரு சீட்டில் எழுதி லாரிக்காரரிடம் கொடுத்தேன். லாரிக்கார அண்ணன்மாரே, அடுத்த முறை உங்கள் மெக்கானிக்கிடம் அந்தச் சீட்டைக் கேளுங்கள். இல்லை என்றால் பாக்கிப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.